வேணும்னே போட்ட தப்பு

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கணக்கு டீச்சர்கள். ஏதோ கணித ஆசிரியர் மாநாடு முடிந்து வருகிறார்கள் போல, கழுத்தில் அடையாள அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மூத்தவர் அங்கே பயிற்சி வகுப்பு எடுத்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஹால் முழுக்க கணக்கு டீச்சருங்க. போர்டுல வேணும்னே தப்பா போடறேன், ஒருத்தராவது வாயத் திறக்கணுமே!"

இதைக் கேட்ட பிறகுதான் நான் போனைப் பைக்குள் போட்டேன்.

"ரெண்டாவது வரிதானே மேடம்? மைனஸ் வர்ற இடத்துல ப்ளஸ்," என்றார் இளையவர்.

"தெரிஞ்சுதுல்ல? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க மேடையில இருந்தீங்க. எப்படி மேடம் கையத் தூக்கறது?"

"தூக்கணும்மா. எல்லாரும் குனிஞ்சு அப்படியே காப்பி பண்றீங்க. நாமளே இப்படி இருந்தா பசங்க எப்படிக் கேள்வி கேப்பாங்க? தப்புன்னு பட்டா யாரா இருந்தாலும் சொல்லிடணும். என்னோட தலைப்பே அதானே!"

ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில் பஸ் நின்றது. மாநாட்டில் கொடுத்த துணிப்பையை இளையவர் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மேடம்... கடைசி வரியில ஏழை எட்டால பெருக்கி அம்பத்து நாலுன்னு போட்டிருந்தீங்களே."

பின்னால் நான் மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்தாறுதான்.

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சை விழுந்து பஸ் கிளம்பிய பிறகுதான் பதில் வந்தது.

"அதுவும் வேணும்னேதான்."

"நெனச்சேன் மேடம்," என்றார் இளையவர்.