குதிக்கலைங்க அக்கா

அவரு குதிக்கலைங்க அக்கா. யாருங்க உங்களுக்குச் சொன்னது? ஒண்டிக்கடை ஸ்டாப்புல பேசிக்கிட்டாங்களா? தூ. அங்க வரைக்கும் வந்துருச்சா.

ஆமாங்க, எங்கூரு மஞ்சக்குட்டைதான். எங்கூட்டுக்காரருதான். சேலம் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, அங்கதான் இந்த பஸ்ஸுல போயிட்டிருக்கேன்.

எங்க தோட்டத்துக் கடைசியில ஒரு சரிவுங்க. அதும் ஓரத்துல சில்வர் ஓக் மரம், அதுல மொளகுக்கொடி. மொளகு பறிக்க ஏறினாரு, கெளை ஒடிஞ்சு சரிவுல உளுந்துட்டாரு. அவ்வளவுதாங்க நடந்தது.

ஆனா மரத்தடியில செருப்பு சோடியா இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்து ஐயாக்கண்ணு அதைப் பாத்துட்டு, சாகப் போறவன்தான் இப்பிடிக் கழட்டி வெப்பாங்கறாரு. ஏனுங்க, செருப்பு போட்டுக்கிட்டா மரமேறுவாங்கன்னு கேட்டேன். அதுக்கு, காத்தால நீ சண்டை போட்டியாமே அப்பிடிங்கறாரு.

போட்டேங்க, இல்லைங்கல. ஆட்டைக் கட்டாம உட்டுட்டாரு, அவரைக்கொடி பூராம் மேஞ்சிருச்சு. கத்தினேன். யாரு ஊட்லதான் கத்தல? சண்டை போட்டா மனசுல வெசனம், வெசனப்பட்டவன் செருப்பைக் கழட்டினான், அப்ப குதிச்சான். எப்பிடிக் கோக்கறாங்க பாருங்க, பூக் கட்டற மாதிரி! சட்டைப்பையில பச்சை மொளகு இருந்துச்சே, சாகப் போறவரு எதுக்குங்க பறிக்கோணும்னேன். அது முன்னாலயே பறிச்சதாம். ஒடிஞ்ச கெளையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். காத்துல ஒடிஞ்சதாம். அன்னிக்கு ஒரு எலை அசையலீங்க! அப்ப எதைக் காட்டினாத்தான் நம்புவீங்கன்னு கேக்கறேன், ஒருத்தி சொல்றா, அழுவாம வாயாடறா பாரு, இவதான் என்னமோ பண்ணிப்போட்டான்னு. அந்தச் சனம் குடுத்த தண்ணியைக் கூடக் கீழ ஊத்திட்டேங்க அக்கா.

ஆங், உசுருக்கு ஒண்ணுமில்லைங்க. இடுப்பெலும்பு ஒடைஞ்சிருக்குது. மண்டையில அடி. கண்ணு முழிச்சுட்டாரு, பேசறாரு, ஆனா அன்னிக்கு நடந்தது மட்டும் சுத்தமா நெனப்பில்ல. டாக்டரு, அது வந்தாலும் வரும், வராமயும் போவும்னாரு.

அவரு கண்ணு முழிச்சது கேள்விப்பட்டதும் ஊர்ச்சனம் அல்லாரும் ஜீப்பு புடிச்சு வந்தாங்க. ஆரஞ்சு, ரொட்டியெல்லாம் வாங்கிட்டு. நான் மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தேன். கட்டிலைச் சுத்தி உக்காந்துக்கிட்டு, ஏன் சாமி இப்பிடிப் பண்ணுன, புள்ளைங்களை நெனச்சியான்னு கேக்கறாங்க. அவரைப் பெத்தவளே கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுது. நான் மேல வந்து அவங்களை அடிச்சுத் தொரத்தாத கொறதான்.

நேத்து கஞ்சி ஊட்டிட்டிருந்தேன். வாயைத் தொறக்காம என்னையே பாத்தாரு. என்னங்கன்னேன். கலாவதி, என்னை மன்னிச்சுரு, புள்ளைங்க மேல சத்தியமா இனிமே குதிக்க மாட்டேன்னாரு.

ஆமாங்க. அவருதான் சொன்னாரு.

நீங்க குதிக்கலைங்க, உளுந்துட்டீங்கன்னு எத்தனையோ சொல்லிட்டேன். என் தலையைத் தடவிக் குடுத்து, நீ நல்லவ, என்னைத் தேத்தறதுக்குச் சொல்றங்கறாரு.