கழுவாத திராட்சை

"கழுவாத திராட்சையவா கர்த்தருக்குக் குடுக்கியன்னு கேக்கா!"

தாதர் மார்க்கெட் வாசலில், தாராவி பஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் இடுப்பில் ஒரு கூடை கறுப்புத் திராட்சை. மதுவிலக்கு அமலில் இருந்த அந்த நாட்களில் திராட்சை ரசத்தைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, யாரு கேட்டா?"

"புதுப் போதகரம்மாதான். சபைக்கு ஏழு வருசமா நாந்தான திருவிருந்து ரசம் போடுதேன்? இந்தத் தடவ நானே போடுதேன்னு அவ பழத்த வாங்கிட்டுப் போனா. தோலு மேல சாம்பல் பூத்தாப்ல இருக்குல்லா, அதுதான ரசத்தப் புளிக்க வைக்கும்? அத அழுக்குன்னு கொதிதண்ணில முக்கித் தேச்சுக் கழுவிட்டா."

"பொறவு?"

"பொறவென்ன, ஜாடி பூரா பூசணம். அதுக்கு நாசிக் மண்ணு சரியில்ல, பழம் நல்ல சாதியில்லன்னு சபை பூரா சொல்லிட்டுத் திரியுதா. அதே தோட்டத்துப் பழந்தான் ஏழு வருசமா நான் போடுதது!"

"அப்ப ஈஸ்டருக்கு?"

அவர் கூடையை ஓங்கித் தட்டினார்.

"நாந்தான் போடணுமாம். போதகரே வீட்டுக்கு வந்து கெஞ்சினாவ. சரின்னேன். வாசப்படி எறங்கும்போது திரும்பிச் சொல்லுதாவ, 'பழத்த மட்டும் நல்லாக் கழுவிருங்கம்மா'ன்னு!"