ஹெஸ்டரின் பன்னிரண்டாவது கதை

சர்க்கரைக்குப் பங்கீடு இருக்கிற காலத்தில் என் தேநீரில் இரண்டு கரண்டி போட்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் டிரான்டர். நல்ல மனசு.

நான் செட்ரிக் ஆலர்டன், திரைக்கதாசிரியர். பன்னிரண்டு படங்களில் என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆறு கதைகளையும் என் மனைவி ஹெஸ்டர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் அவற்றை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய்த் தயாரிப்பாளர்களோடு மதிய உணவு சாப்பிட்டேன். அதுவும் உழைப்புதான். அங்கே போடும் ஆறிப்போன ஆட்டுக்கறியை அவள் தின்றதில்லை.

ஏழாவதை முடித்த அன்று கேட்டாள்: "இதுல என் பேரும் வரட்டுமே, செட்ரிக். உன் பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல போட்டாக்கூடப் போதும்."

மறுத்தேன். நேரே ஸ்டுடியோவுக்கே போகிறேன் என்றாள். எனக்குக் கவலையாகிவிட்டது. எங்கள் டாக்டர் பெல்லிடம் போய், பாவம், என் படங்களையெல்லாம் தான் எழுதியதாக நினைக்கிறாள் என்றேன். அவர் வந்து விசாரித்தார். எந்தக் கதையை எப்போது எழுதினாள் என்று அவள் தேதிவாரியாக ஒப்பித்தாள். இவ்வளவு தெளிவான மனப்பிரமையை அவர் பார்த்ததே இல்லையாம். அவளை அடைத்துவைக்கும் சான்றிதழில் அவரும் இன்னொரு டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சர்ரேயில் ஒரு மனநல விடுதி. அழகான தோட்டம். தான்தான் எழுதியதாக அவள் சொல்லும்போதெல்லாம், இன்னும் குணமாகவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம்.

நான் கைவிடவில்லை. ஞாயிறுதோறும் தாளும் பென்சிலும் கொண்டுபோனேன். இரண்டு வருடம் அவள் அவற்றைத் தொடவில்லை. பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறவர்கள் அப்படித்தான். எழுதியதை வாங்கி வந்தேன்.

போன வருடம் அவள் கொடுத்த பன்னிரண்டாவதையும் என் பெயர் போட்டு அனுப்பினேன். படித்துப் பார்க்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதல் காட்சிக்கு டாக்டர் பெல்லையும் அழைத்திருந்தேன். திரையில் ஒருவன் மனைவியின் கதைகளைத் திருடினான், அவளை விடுதியில் அடைத்தான், ஞாயிறுதோறும் பென்சில் கொண்டுபோனான். அரங்கமே சிரித்தது. பாதிப் படம் வரை நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் உங்களிடம் வந்துவிட்டார்.

சற்று முன் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

"யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் ஆலர்டன். இந்த ஒரு கதைய உங்க மனைவி எழுதினாங்கன்னா, அது ஒரு நோயாளியோட கற்பனைன்னு சொல்லி உங்க வக்கீல் உங்களத் தப்பிக்க வச்சிடுவாரு. நீங்க எழுதினதுன்னா, அதுவே உங்க வாக்குமூலம். யாரு எழுதினது?"

எழுதிக்கொள்ளுங்கள். தெளிவான புத்தியோடு இருந்த பெண்ணைப் பைத்தியம் என்று பொய் சொல்லி அடைத்தேன். பதினொரு கதைகளும் அவளுடையவை. பன்னிரண்டாவது மட்டும் என்னுடையது. பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் என் தலைசிறந்த படைப்பு என்கின்றன. அதில் வருகிற ஒவ்வொன்றையும் செய்தவன் நான். அவள் பார்த்து எழுதினாள், அவ்வளவுதான்.