அன்னமயில் கொண்டுவந்த எலுமிச்சம்பழம்

...இதுவரைக்கும் பேசினவங்க எல்லாரும் விருந்து வச்சவங்களைப் பத்திச் சொன்னாங்க. நான் விருந்துக்குப் போகாத ஒருத்தியைப் பத்தி ஒரு குட்டிக் கதை சொல்றேன். அது நான்தான்.

கதைன்னா பெருசா ஒண்ணும் இல்லை. அன்னிக்கு நான் சொல்லாம விட்ட ரெண்டு வார்த்தை. 'நாங்கதான் அது.' அந்தமான்ல ஒரு சின்னத் தீவு, படகுத்துறை, பகல் பதினோரு மணி. இந்த ரெண்டு வார்த்தையை நான் சொல்லலை.

எங்க அம்மா ரிட்டயர் ஆனதும், "ஒரு தடவை கடலுக்கு நடுவுல போய் உக்காரணும்"னாங்க. தங்குறதுக்கு இடம் பார்க்குறது என் வேலை. மூணு வாரம் பார்த்தேன். எல்லா ஓட்டல் படத்துலயும் அதே நீலக் கடல், அதே வெள்ளைத் துண்டுல மடிச்ச அன்னப்பறவை. கடைசியில ஒரு வீடு கிடைச்சுது. ரெண்டே ரூம். நடத்துறவங்க தமிழ்நாட்டுக்காரங்க, பேரு அன்னமயில்.

போன்ல பேசுனாங்க. "கடல் தெரியிற ரூம் வேணுமா, காத்து வர்ற ரூம் வேணுமா? ரெண்டும் ஒண்ணா கிடைக்காதும்மா, முன்னாடியே சொல்லிடுறேன்."

எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. அடுத்தடுத்து நாலஞ்சு தடவை பேசினோம். "அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்குமா? ஒத்துக்காதா... சரி விடுங்க, நான் எலுமிச்சம்பழத்தோட துறையிலயே நிக்கிறேன். ரசமும் வச்சுடுறேன்."

கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி அம்மா போனை வாங்கி ஸ்பீக்கர்ல போட்டாங்க. "நானும் ஒரு வார்த்தை பேசுறேன்."

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"ராமநாதபுரம் பக்கம்மா."

"பக்கம்னா?"

"சின்ன ஊரு. சொன்னாத் தெரியாது."

"ஊருக்குள்ள எந்தத் தெரு?"

அன்னமயில் சாதாரணமாத்தான் சொன்னாங்க. "காலனித் தெரும்மா."

இங்க இருக்கிற உங்க எல்லாருக்கும் தெரியும், அம்மா கேட்டது தெருவை இல்லை. சாதியை. அன்னமயிலுக்கும் அது தெரியும்.

அம்மா போனை வச்சாங்க. "நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா மூணு வேளையும் அவங்க வீட்டுலயே சாப்பிடணுமே... எனக்கு ஒத்துவராதுடி. வேற பாரு."

நான் என்ன சொல்லியிருக்கணும்? இதைப் பத்தி அலமாரி நிறைய புத்தகம் வச்சிருக்கேன். காலேஜ்ல இதே தலைப்புல கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கேன். நான் சொன்னது என்ன தெரியுமா? "சரிம்மா."

ஒரு பெரிய ஓட்டல்ல ரூம் போட்டேன். அங்க யார் சமைக்கிறாங்க, அவங்க எந்தத் தெருன்னு அம்மா கேக்கலை. நானும் கேக்கலை.

சரி, அன்னமயிலுக்கு வரலைன்னு சொல்லணும் இல்லையா? என்ன காரணம் சொல்றது? மூணு தடவை செய்தி அடிச்சேன். மூணு தடவை அழிச்சேன். நாலு நாளும் அப்படியே போச்சு.

கப்பல்ல அம்மா பாதி வழியிலேயே வாந்தி எடுக்க ஆரம்பிச்சாங்க. கரையில எறங்குறப்ப முகம் வெளுத்து, கைக்குட்டையை வாயில அழுத்திக்கிட்டு என் தோள்ல தொங்குறாங்க. துறையில கூட்டம். அதுல ஒரு ஒல்லியான அக்கா, கையில ஒரு அட்டை. அட்டையில தமிழ்ல, குண்டுகுண்டா எழுதின எங்க அம்மா பேரு.

அம்மாவும் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி தாண்டி நடந்தோம்.

அன்னமயில் எங்களைப் பார்த்து வேகமா வந்தாங்க. "அய்யோ, கப்பல் ஒத்துக்கலையா? இந்தாங்கம்மா, மோந்து பாருங்க." எலுமிச்சம்பழத்தை நகத்தால கீறி, அம்மா கையில வச்சாங்க. "எங்க விருந்தாளிக்குக் கொண்டாந்தேன். அவங்க இன்னும் எறங்கலை. பரவாயில்லை, வீட்டுல இன்னும் இருக்கு."

அம்மா அதை மோந்தாங்க. நல்லா மூச்சிழுத்து மோந்தாங்க.

"நீங்க இந்தக் கப்பல்லதானே வந்தீங்க? ஒரு அம்மாவும் பொண்ணும்... இந்தப் பேருல... பார்த்தீங்களா?"

என்னைப் பார்த்துக் கேட்டாங்க. நாலஞ்சு தடவை பேசின குரல் இல்லையா என்னோடது? வாயைத் திறந்தா கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால... தலையை மட்டும் ஆட்டினேன். இல்லைன்னு.

ஓட்டல் ஆட்டோ வந்துச்சு. ஏறிட்டோம். ஆட்டோக்காரர் தானா சொல்றார், "அந்தக்கா அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் நிப்பாங்க. யாரு வர்றதா சொன்னாலும் அப்படித்தான்."

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்கார்ந்தப்ப அந்த எலுமிச்சம்பழம் அம்மா கையிலதான் இருந்துச்சு.

என் அம்மாவைக் குத்தம் சொல்ல வந்தேன்னு நினைக்காதீங்க. அவங்க கேட்டாங்க, உண்மைதான். பக்கத்துல உக்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தவ யாரு? இன்னிக்கு இந்தக் கூட்டத்துக்குத் தலைப்பு விருந்தோம்பல். எத்தனை பேருக்குச் சோறு போட்டோம்னு பெருமையாப் பேசுறோம். யார் வீட்டுச் சோத்தை நாம சாப்பிடாம வந்தோம்? அதை யாராவது இந்த மேடையில சொல்லியிருக்கோமா? யாருக்கு வேணும்னாலும் போடலாம், அதுல நாம உசரத்துலதான் நிக்கிறோம். ஒருத்தர் கையால வாங்குறப்பதான் நாம யாருன்னு தெரியும். எங்களுக்கு அன்னிக்குத் தெரிஞ்சுது.

அம்மாவை இன்னிக்குக் கூப்பிட்டேன், வரலை. "சொல்றதுன்னா சொல்லு, என் பேரைச் சொல்லாதே"ன்னாங்க. சொல்லலை.

அன்னிக்குச் சாயங்காலமே அன்னமயில்கிட்ட இருந்து ஒரு செய்தி வந்துச்சு. 'அம்மாவுக்கு உடம்பு முடியலையா? பத்திரமாப் பாத்துக்கங்க. எப்ப வந்தாலும் ரூம் இருக்கு.'

ஒன்றரை வருஷம் கழிச்சு, போன மாசம், அதுக்குக் கீழே எழுதினேன். எலுமிச்சம்பழம் வாங்கினது நாங்கதான்னு.

படிச்சுட்டாங்க. பதில் வரலை.