ஏழாம் நம்பர் மலை, பதினோராவது படம்

கஜேந்திரன்: "2024 மார்ச் 12, பொகவந்தலாவை, ஏழாம் நம்பர் மலை. குளவிக் கூடு, ஒன்று." இத இன்டர்நெட்ல போட்டது நீங்கதானே டீச்சர்?

ஜெனுஷா: தேயிலை மலையில வேலைய மேற்பாக்க வேண்டிய கண்டாக்கையா பள்ளிக்கூடத்துல! உக்காருங்க. அது எங்க அஞ்சாம் வகுப்புப் பக்கம். பிள்ளைங்களுக்கு பூச்சிகளப் பத்தி சொல்லிக் குடுக்கிற வெப்சைட். நாங்க படம் போட்டா, அது என்னான்னு விஞ்ஞானிங்க பதில் எழுதுவாங்க.

கஜேந்திரன்: பூச்சி பாக்கறதுக்கு வெப்சைட் வேறயா? லயத்து வீடுகள்ல இல்லாத பூச்சியா?

ஜெனுஷா: பேரு தெரியணும்ல. உங்க மக நிலக்ஷி மரவட்டை படம் போட்டா. காலு எத்தனைன்னு எண்ணச் சொல்லியிருந்தாங்க. நூத்திப்பத்துல சுருண்டுக்கிச்சு. திரும்ப ஒண்ணுலருந்து...

கஜேந்திரன்: தெரியும், தெரியும். எங்க சாப்பாட்டு மேசையிலதான் எண்ணுனா... அத விடுங்க. கொழும்பு ஆபிஸ்ல யாரோ இந்தக் கூட்டப் பாத்துட்டாங்க. தோட்டத்துல கூடே இல்லைன்னு நம்ம மேனேஜர் தொரை போன கிழமதான் எழுதிக் குடுத்தாரு.

ஜெனுஷா: போன கிழமதானே கொழுந்து எடுக்கப் போன அம்மாக்கண்ணு அக்காவ நாப்பது குளவி கொட்டுச்சு? இன்னும் ஒரு கண்ணு தொறக்கலயே.

கஜேந்திரன்: அது... வழி தவறி வந்த குளவின்னு எழுதியிருக்காரு.

ஜெனுஷா: நாப்பதும் வழி தவறிருச்சா?

கஜேந்திரன்: சிரிக்காதீங்க டீச்சர். படத்துக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரர் வேற, "அருமையான கூடு, தோட்டத்துக்கு வாழ்த்துக்கள்"னு எழுதி வச்சிருக்காரு. தொரைக்கு அந்த வாழ்த்துதான் தாங்கல.

ஜெனுஷா: இப்ப என்ன செய்யணுமாம்?

கஜேந்திரன்: படத்த அழிக்கணுமாம். சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்.

ஜெனுஷா: அழிக்கலன்னா?

கஜேந்திரன்: கூடு இருக்குன்னு ஆயிரும். நாளைக்கே எடுத்தாகணும்னு கொழும்புல சொல்லிட்டாங்க. அழிச்சிட்டீங்கன்னா... நாளைக்கு ஏழாம் நம்பர்லதான் கொழுந்து எடுக்கணும். இருபத்திரெண்டு பொம்பளைங்க.

ஜெனுஷா: ஐயா, நீங்க அழிக்கச் சொல்றீங்களா, அழிக்க வேணாங்கிறீங்களா?

கஜேந்திரன்: நான் தொரைகிட்ட சம்பளம் வாங்குற ஆளு. அழிக்கத்தான் சொல்லுவேன்.

ஜெனுஷா: அப்ப அழிக்க மாட்டேன்.

கஜேந்திரன்: நல்லா யோசிச்சு...

ஜெனுஷா: மாட்டேன்.

கஜேந்திரன்: இருங்க... ஹலோ, சேர்... சொன்னேன் சேர்... மெரட்டியும் பாத்துட்டேன் சேர்... மாட்டேங்கிறாங்க... சரியான பிடிவாதம் சேர்... ஆ... ஆ... சரிங்க சேர்.

ஜெனுஷா: எப்ப மெரட்டுனீங்க?

கஜேந்திரன்: அடுத்த தடவ மெரட்டுறேன். நாளைக்கு காலையில கூடு எடுக்க ஆள் வருது. ஏழாம் நம்பருக்கு யாரும் போகல... ஆமா, பச்சப் பிள்ளைங்கள எதுக்கு கூட்டுக்கிட்ட விட்டீங்க?

ஜெனுஷா: யாரு விட்டா? பிள்ளைங்க போட்டது பத்துப் படம். எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள எடுத்தது. பதினோராவது வேற யாரோ போட்டது. பெற்றார் கூட்டத்தன்னைக்கு பாஸ்வேர்ட போர்ட்ல எழுதிப் போட்டேன்ல?

கஜேந்திரன்: அப்பிடியா... யாரா இருக்கும்?

ஜெனுஷா: படத்து ஓரத்துல ஒரு மோட்டர் சைக்கிள் கண்ணாடி தெரிஞ்சுது. கண்ணாடிக்குள்ள ஒருத்தர், தொப்பியும் மீசையுமா, போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு.

கஜேந்திரன்: ... தொரை பாத்திருப்பாரா?

ஜெனுஷா: அன்னைக்கு சாயந்திரமே ஓரத்த வெட்டிட்டேன் ஐயா. இப்ப அதுல கூடு மட்டுந்தான் இருக்கு.