செங்கல் நிறப் பஞ்சு

எனக்கு நீந்தத் தெரியாது. கோவில்பட்டியில் பிறந்தவனுக்கு அது பெரிய குறையில்லை. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் ஆறுமுகசாமியாகிய நான், கடல் பிராணிகளில் நிபுணனாகிவிட முடிவு செய்ததுதான் குறை.

1961 கோடை விடுமுறையில் தூத்துக்குடிக் கரையில் ஒரு கடற்பஞ்சு ஒதுங்கிக் கிடந்தது. பவளப்பாறையில் ஒட்டி வளரும் உயிர். செங்கல் நிறம், விரல் விரலாக. என்னிடம் இருந்த ஒரே புத்தகத்தில் அதன் படம் இல்லை. ஆகவே உலகத்துக்கே அது தெரியாது என்று தீர்மானித்தேன். என் பெயரில் ஒரு லத்தீன் வாலை ஒட்டி அதற்குச் சூட்டி, புது இனம் என்று ஒரு விஞ்ஞான இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனையில் அறிவித்தார். பையன்கள் கை தட்டினார்கள். கயத்தாறு பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர், பாறையிலிருந்தே எடுத்த மாதிரி வேண்டும், பார்க்க நேரில் வருகிறேன் என்று எழுதினார். சங்கு குளிக்கும் சந்தியாகுவை அமர்த்திக்கொண்டேன். தோணியில் நாங்கள் இருவர்தான். முதல் முங்கிலேயே கொண்டுவந்துவிட்டார். காய்ந்தால் நிறம் மாறிவிடும் என்று உடனே நோட்டைத் திறந்தேன்.

"இதுக்கா வாத்தியாரய்யா இம்புட்டுத் தூரம் வந்தீய? இது இங்கன எல்லாப் பாறையிலயும் கெடக்கு. வலையில மாட்டுனா பிச்சு எறியுதோம்."

"யாரிடமும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி."

"சொன்னா என்ன? மெட்ராஸ் ஐயா வரட்டும், ஒரு கூடை அள்ளிக் குடுக்கேன்."

கேலியில்லை. உதவுகிற சந்தோஷம். பெரிதாக ஒன்று எடுத்து வருகிறேன் என்று மறுபடி இறங்கினார்.

அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் இடது கையில் இருந்தது. இரண்டு தடவை சுண்டினால் தூக்க வேண்டும். சுண்டினார். பிறகு பல தடவை சுண்டினார். பாறை இடுக்கில் கால் மாட்டியிருந்ததாம். அடுத்த தோணி கூப்பிடு தூரத்தில் நின்றது. நான் 'செங்கல் நிறம்' என்பதை அடித்துவிட்டு 'காவி கலந்த சிவப்பு' என்று திருத்திக்கொண்டிருந்தேன். தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. கயிறு அடங்கிய பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூச்சல் போட்டேன். நன்றாகவே போட்டேன்.

விசாரணையில், கயிறு அசையவே இல்லை என்றேன். அவர் மனைவி மேரிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய கடேசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீயளே" என்று அழுதார்.

பேராசிரியர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு நிமிஷம் பார்த்தார். "ரொம்பச் சாதாரண இனம். பலரும் செய்கிற தவறுதான், வருத்தப்படாதீர்கள்" என்றார்.

நான் வருத்தப்படவில்லை, ஐயா. கட்டுரையைத் திருத்தி எழுதினேன்: 'இக்கடலின் பவளப்பாறைகளில் எங்கும் காணப்படும் இனம்.' இதை முதலில் தெரிவித்தவர் சந்தியாகு என்று அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன். அந்த மனிதருக்குச் சேரவேண்டிய பெருமையை நான் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது.