ஒத்த நாற்காலித் தோணி

சிரிக்காதிய மாப்ள. சிரிச்சா அதுக்குக் கோவம் வந்துரும். நாற்காலிதான், நான் இல்லங்கல. கஸ்டம்ஸ் ஆபீசுல பழசு கழிச்சி ஏலம் விட்டப்ப எடுத்தது, முதுகுல இன்னும் நம்பரு அழியாம இருக்கு பாருங்க. ரெண்டு பக்கமும் வெள்ளரிக்கா மாதிரி நீட்டமா கெடக்குல்லா, அது புது ஆர்பருக்கு மண்ணு தோண்ட வந்த கப்பல்ல, குழாயத் தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்ச மெதவை. ஓட்டச் சாமான்னு காயலான் கடையில போட்டுட்டான். நான் எடுத்தாந்து, ஓட்டைய அடச்சி, குறுக்க ரெண்டு சட்டத்தப் போட்டு, மேல நாற்காலிய ஏத்திட்டேன். ஒரு ஆளுக்குத்தான் எடம். கவுந்துராதான்னா கேக்கிய? தண்ணியில படுத்துக் கெடக்க எருமை என்னைக்காவது கவுந்து பாத்திருக்கியளா? அதேதான் இது. அகலமா, தாழ்வா, அவசரமில்லாம.

வேற வழி இருந்தா நீங்க தாராளமாப் போங்க, நான் வேண்டாங்கல. பாலத்துக்கு அங்கன ரோட்ட வெள்ளம் அறுத்துட்டுப் போச்சி. பஸ்ஸப் பழையகாயல்லயே நிப்பாட்டிட்டாம்லா? அங்கன இருந்து இந்தச் சப்பாத்தப் போட்டுட்டு நடந்தா வந்திய? ஏ யப்பா. அம்புட்டுத் தூரம் நடந்தவரு, இந்தா கெடக்கு அக்கரை, இதுக்குப் போயி யோசிக்கிய. அந்தா தென்னைக்கு நடுவுல ஓட்டு வீடு தெரியுதா? கொடியில வெள்ள வெள்ளயாத் தொங்குது பாருங்க. சீலை இல்ல மாப்ள, எல்லாம் ஒங்க மக நனச்சி வச்ச துணி. பொறந்து பத்து நாளு ஆவல, ஆத்துல வார தண்ணி போதாதுன்னு அவளும் வீட்டுல வெள்ளம் விடுதா.

நாளைக்குக் கோயில்ல ஞானஸ்நானம். சாமியாரு வந்துருவாரு, அவரு அக்கரையிலதான் இருக்காரு. ஆனா தகப்பன் வராம பிள்ளை தலையில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னு ஒங்க பொஞ்சாதி உத்தரவு. சாமியாரே பயந்து போயிக் கெடக்காரு.

என்னது? வளனா?

அவன் வீட்டுல இல்ல. மாதா சத்தியமாச் சொல்லுதேன், இந்த நிமிசம் என் மவன் வளன் அந்த வீட்டுல இல்ல. போதுமா? நீங்க அவன் மூஞ்சியில முழிக்க வேண்டாம். சரி, இறங்குங்க. சப்பாத்தக் கழத்துங்க முதல்ல. அந்தக் கால்சட்டையையும் முட்டுக்கு மேல சுருட்டுங்க. யாரு தச்சா இத? ஒவ்வொரு கால்லயும் கோயில் மணியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. பேஷனா? இருந்துட்டுப் போட்டும். ஆனா ஆத்துல விழுந்தா அது காலுக்கு ஒரு கொடம் தண்ணி குடிக்கும், நீங்க அத இழுத்துக்கிட்டு நீந்தணும்.

இந்தா, இந்தச் சுரைக்குடுக்கைய நெஞ்சுல கட்டிக்கிடுங்க. ஏன் மொறைக்கிய? சங்கு குளிக்கப் போற மனுசனுக்கு, கடலுக்கு அடியில நடமாடுதவனுக்குச் சுரைக்குடுக்கையான்னு. தெரியும்யா. ஆனா உப்புத் தண்ணி பெத்த தாயி மாதிரி, விழுந்தாலும் தாங்கிப் புடிக்கும். நல்ல தண்ணி மாமியா மாதிரி. மேல பாக்க அமைதியா இருக்கும், கால வச்சா உள்ளுக்க இழுக்கும். இத ஒங்க மாமியா காதுல போட்டுராதிய, எனக்குச் சோறு கெடைக்காது.

கையில என்ன பொட்டலம்? மக்ரோனா? எம் மவ பிளாரன்சுக்கா? தாங்க, அத இந்தத் தகர டின்னுல வச்சி மூடிருதேன். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேன். கூலி.

உக்காருங்க. இப்பிடி, பொச்சு நல்லாப் படியணும். இனி அக்கரையில காலு மண்ணுல படுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. சாமியாரே எதுக்க வந்தாலும் எந்திரிக்கப்பிடாது. துடுப்பு ரெண்டும் கையில. இப்ப முக்கியமான சங்கதி கேளுங்க. நம்ம ஆளுக எல்லாரும் என்ன செய்வான்? முன்னால மரம் விழுந்து கெடக்குன்னா, பயந்துபோயி அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அடிப்பான். போயி முதுகுலயே முட்டிக்கிடுவான். நீங்க எதுக்குப் பயப்படுதியளோ, அதப் பாத்து மூஞ்சியத் திருப்பணும். நேருக்கு நேரா பாத்துக்கிட்டு, துடுப்பப் பின்னால தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமா வெலகணும். அந்த முள்ளு மரம் பாதி முங்கிக் கெடக்குல்லா, அதுக்கிட்ட போயிராதிய. தண்ணி அதுக்குள்ள பூந்து போயிரும், நம்ம போவ முடியாது. டீக்கடையில வடிகட்டி பாத்திருக்கியள்லா? டீ போயிரும், தூளு நின்னுரும். அங்க நீங்கதான் தூளு.

தப்பித் தவறி விழுந்துட்டா நிக்கப் பாக்காதிய. மல்லாக்க மெதந்து, ரெண்டு காலையும் ஓட்டத்துப் பக்கம் நீட்டிருங்க. கல்லு வந்தா காலு பாத்துக்கிடும், தலை தப்பிச்சிக்கிடும்.

அப்பொறம், கண்ண மூடிராதிய. ஒருக்க நான் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழ இதுல ஏறி உக்காந்தேன். மத்தியானச் சோறு, நல்ல காத்து, கண்ணு அசந்துட்டு. முழிச்சிப் பாத்தா ஒரு போலீஸ்காரன் தோளத் தட்டுதான். சிலோன் போலீஸு. ஆறு என்னையக் கடல்ல விட்டு, கடலு அங்கன கொண்டு விட்டுட்டு. பாஸ்போட்டு எங்கங்கான். எந்திரிச்சி நாற்காலி முதுகுல இருந்த நம்பரக் காட்டுனேன். கஸ்டம்ஸ்னு பாத்ததும் சலாம் வச்சி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான். நம்பலைன்னா போங்க. மனுசன் நெசத்தச் சொன்னா எவன் நம்புதான்.

ஆங், கயிறு. அதத்தான் சொல்ல வந்தேன். ஒத்தையில ஒரு ஆளும் ஆத்துல போகப்பிடாது. கரையில ஒருத்தன் கயித்தப் புடிச்சிருக்கணும். பாருங்க, ஒங்க முதுகுக்குப் பின்னால சட்டத்துல கட்டிருக்கு. தேங்கா நாரு, தண்ணியில மெதக்கும், கால்ல சுத்தாது. அந்த முனை மேல போயி, அந்தா, மருத மரத்துக்குப் பின்னால இருக்கு. அங்கன ஆளு நிக்கான். அவன் பைய பைய விடுவான், ஓட்டம் ஒங்கள அப்பிடியே சாச்சி அக்கரையில ஒதுக்கிரும், ஊஞ்ச மாதிரி. இடுப்புல மட்டும் கட்டிராதிய. கவுந்தா கயிறே முக்கிரும். அதுக்குத்தான் சட்டத்துல சுருக்கு முடிச்சி. இந்த வாலு தொங்குதுல்லா? இதச் சுண்டுனா முடிச்சி அவுந்துரும், நீங்க சுதந்திரமாக் கடலுக்குப் போயிரலாம். தவிச்சாத் தவிர தொடாதிய.

ஆளு யாருன்னா கேக்கிய? நம்பிக்கையான ஆளு. கையி உரமானவன். வாய்தான் பேச மாட்டான். ஊமையா? ஊமையெல்லாம் இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நீங்க திரும்பித் திரும்பிப் பாக்காதிய, மெதவை ஆடுது. இந்தா தள்ளுதேன். சேசு மரி சூசை!

ஆ, போவுது பாருங்க, அன்னப்பட்சி கணக்கா. துடுப்ப ஆழமாப் போடாதிய. நான் கரையோரமா நடந்து வந்துக்கிட்டே பேசுதேன். கேக்கா? சும்மா போனா பயம் வரும், ஒரு கதை சொல்லுதேன். ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரி இருந்தா நான் பொறுப்பு இல்ல.

தூத்துக்குடியில ஒரு சங்குகுளிக்காரன் இருந்தான். கெட்டிக்காரன். நல்ல மீசை. மூச்சு அடக்குனாம்னா மேல இருக்கவன் ஒரு பீடி குடிச்சி முடிச்சிரலாம். அவனுக்குக் கயிறு புடிக்கது யாரு? மச்சான்தான். நம்ம கடக்கரையில அதுதான முறை. கூடப்பொறந்தவன் கையில கயித்தக் குடுக்க மாட்டான். அவன் விட்டாலும் விட்டுருவான், சொத்துல பங்கு கூடும்லா? மச்சான் விட மாட்டான். விட்டா அக்கா தாலிய அறுத்துட்டு அவன் வீட்டுக்குல்லா வருவா, ஆயுசுக்கும் சோறு போடணும்!

சிரிக்கிய போலுக்கு. முதுகு குலுங்குது. கேளுங்க.

ஒரு நாளு இவன் அடியில போனான். போனவன் வரல. கீழ இருக்கவன் கயித்தச் சுண்டாம மேல இருக்கவன் இழுக்கக் கூடாதுங்கது சட்டம். மச்சான் பாத்தான், பாத்தான், இழுத்துட்டான். மேல வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? பாவி, அடியில வலம்புரிச் சங்கு கெடந்துது, கைக்கு எட்டுத நேரத்துல இழுத்துக் கெடுத்துட்டியேலேன்னான். ஆயிரம் சங்குல ஒண்ணு கூட வராத வலம்புரி! அன்னைக்குச் சாயந்தரம் அது எலுமிச்சம்பழம் தண்டி இருந்துது. மறுநா தேங்கா அளவு ஆச்சி. கிறிஸ்மஸுக்கு நான் கேட்டப்ப பூசணிக்கா. இப்ப எம்புட்டுப் பெருசோ, அதுல கூரை போட்டு ஆளு குடியிருக்கலாம்னு கேள்வி. பொய்யிலயும் ஒரு அளவு வேண்டாமா மாப்ள? நான் சொல்லுதேன், நான்!

அந்தக் கோவத்துல இவன் மச்சான் மூஞ்சிக்கு நேராவே சத்தியம் பண்ணிட்டான். இனிமே ஒன் கையில இருக்க கயித்த நம்பித் தண்ணியில எறங்குனா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலன்னான். மச்சானும் ரோசக்காரன், நீயா வந்து கூப்புடாம ஒங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன்னுட்டான். நடுவுல ஒரு பொம்பள, ஒரு கண்ணு புருசன், ஒரு கண்ணு தம்பி. எந்தக் கண்ணுல அழுவா?

ஏன் துடுப்ப நிப்பாட்டிட்டிய? தோணியும் நிக்கா? ஆமா, நின்னுரும். பாதியில நிப்பாட்டத்தான் சொல்லிருக்கேன்.

திரும்பாதிய! திரும்பாதிய, ஆடுது! கயித்தப் புடிச்சிருக்கது யாருன்னு இப்பம்தான் புரிஞ்சிதா? வீட்டுல இல்லன்னு சத்தியம் பண்ணேன்லா, பொய்யா அது? மருத மரத்துக்குப் பின்னால நிக்கவன் எப்பிடி வீட்டுல இருப்பான்?

ஏசுங்க, ஏசுங்க, தண்ணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல.

இன்னொண்ணும் சொல்லிருதேன். இந்த மெதவைய நான் செய்யல. ஓட்டை அடைக்கதுக்கெல்லாம் எனக்கு எங்க தெரியும்? ரோடு அத்துப் போன அன்னைக்கே அவன்தான் ஆரம்பிச்சான். மச்சான் எப்பிடியும் பிள்ளையப் பாக்க வருவாரு, நீந்திப் போறேன்னு கெளம்பிருவாரு, ஆத்தப் பத்தி அவருக்குத் தெரியாதுன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி ஆணி அடிச்சான். நம்பரு மட்டும்தான் எம் பங்குக்கு. வெளிறிப் போயிருந்துது, கரிக்கட்டைய வச்சித் திருத்தி எழுதினேன். ஆனா சிலோன் போனது நெசம்.

அன்னைக்கு நீங்க மேல வாரப்ப மூக்குலயும் காதுலயும் ரத்தம். கண்ணு மேல சொருகிக் கெடந்துது. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது, சங்குதான ஞாபகம் இருக்கும். கயித்துல அசைவே இல்லப்பா, செத்த மீனு மாதிரி வந்துதுன்னான் எங்கிட்ட. இழுத்த இழுப்புல ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சி, சோத்தப் பெசைய முடியாம ஒங்க பொஞ்சாதிதான் ஊட்டி விட்டா. நீங்க அதக் கேக்கவும் இல்ல, அவன் சொல்லவும் இல்ல.

இப்ப அந்தக் கையிதான் அங்கன நிக்கி. சட்டத்த ஒருக்க மீறி அவன் பட்டது போதுமாம். இந்தத் தடவ கீழ இருக்கவரு சுண்டாம ஒரு முழம் விட மாட்டேன்னு நிக்கான், நான் சொன்னாலும் கேக்க மாட்டான். ஒங்களுக்கு ரெண்டு வழி. அந்த வாலச் சுண்டுனா முடிச்சி அவுந்துரும். ஒங்க சத்தியமும் காப்பாத்துனாப்புல இருக்கும், சிலோன்ல டீயும் கெடைக்கும். இல்லன்னா கயித்தப் புடிச்சி ஒரு சுண்டு சுண்டுங்க, எப்பயும் அடியில இருந்து சுண்டுவியள்லா, அப்பிடி. பேச வேண்டாம். கால்ல விழ வேண்டாம். ஒரு சுண்டு.

அவசரமில்ல. நான் உக்காந்துக்கிடுதேன். டின்னு ஒங்ககிட்டல்லா போயிட்டு, இன்னொரு மக்ரோன் எடுத்துருக்கலாம்.

அந்தா, வாசல்ல பிளாரன்சு வந்துட்டா. கையில பிள்ளையோட. வெயில்ல நிக்காதளான்னா கேக்காளா பாருங்க. அவளுக்கும் இது தெரியும் மாப்ள. அவ சொல்லித்தான் நிப்பாட்டுனேன்.

என்ன, கை பின்னால போவுது? எதப் புடிக்கிய? பாத்துப் புடிங்க, அது வாலு, அது இல்ல, பக்கத்துல...

ஆங்.

ஏலே வளன்! வந்துதாலே? சுண்டு கையில வந்துதுல்லா? பின்ன என்னல மரத்துல சாஞ்சிக்கிட்டு நிக்க, விடுலே கயித்த! பைய, பைய விடு. மூக்க அப்பொறம் சிந்திக்கிடலாம், ரெண்டு கையும் கயித்துல இருக்கட்டும்.